பூனையின் ரிப்போட்டில் போட்ட வட்டம்

எங்கள் தெருவில் யாருக்கு இரத்தம் சோதித்தாலும் அந்தக் கடதாசி பொழுது படுமுன் என் கைக்கு வந்துவிடும். நான் டொக்டர் இல்லை. கல்முனையில் பெண்கள் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறவள். ஆஸ்பத்திரியில் மூன்று மணித்தியாலம் வரிசையில் நின்று, டொக்டரை இரண்டு நிமிடம் கண்டுவிட்டு வருகிறவர்களுக்கு, கதிரை போட்டு இருத்தி ஆறுதலாக வாசித்துச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் நான்தான் என்று எப்போது முடிவானது என்று எனக்கே தெரியாது. ரிப்போட்டில் இடது பக்கம் சோதனையின் பெயர் இருக்கும். நடுவில் வந்த எண், வலது பக்கம் இருக்கவேண்டிய அளவு. நடுவில் இருப்பது வலதில் உள்ளதற்குள் அடங்காவிட்டால், கொப்பி திருத்துகிற சிவப்புப் பேனையால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவேன். அவ்வளவுதான் என் வைத்தியம். அதற்கே எனக்குத் தலைக்கனம் கொஞ்ச நஞ்சமில்லை.

இந்தப் பழக்கம் உம்மாவின் ரிப்போட்டில் தொடங்கியது. உம்மாவுக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம், காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தானே. கலியாணத்தோடு இந்த வீட்டை எனக்கு எழுதித் தந்துவிட்டு உம்மாவும் வாப்பாவும் என்னோடேயே இருந்தார்கள். வாப்பா மௌத்தாகி, என் கணவரும் கட்டாருக்குப் போன பிறகு, வீட்டில் நானும் உம்மாவும்தான். உம்மா குர்ஆனைத் தட்டுத்தடங்கல் இல்லாமல் ஓதுவார், தமிழ் எழுத்துத்தான் அவருக்கு ஒட்டவில்லை. எண்கள் நன்றாகத் தெரியும். ஊசியில் எந்தக் கோடு வரைக்கும் இழுக்கவேண்டும் என்பதில் அவரை யாரும் பிழை பிடித்ததில்லை.

சில வருடத்துக்கு முன்பு ஒருநாள் கிளினிக்கில் இருந்த டொக்டர், உம்மாவின் ரிப்போட்டில் சீனியைச் சுற்றி நான் போட்டிருந்த வட்டத்தைப் பார்த்து, இது யார் போட்டது என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, பதினாலாக இருந்த ஊசியில் இரண்டு கூட்டி, பதினாறு என்று கார்ட்டில் எழுதிக் கொடுத்தார். உம்மா அன்று வீடு வந்து சேர்வதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார், தன் மகள் வட்டம் போட்ட இடத்தில்தான் டொக்டரும் கை வைத்தார் என்று. எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அதற்குப் பிறகு நான் வட்டங்களைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். கடைசி இரண்டு வருடத்தில் உம்மா அடிக்கடி மயங்கி விழத் தொடங்கியிருந்தார். உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, கதை குழறி, அப்படியே சரிவார். சீனித் தண்ணீர் கொடுத்தால் எழும்பிவிடுவார். ஒருதரம் குளியலறையில் விழுந்து புருவத்தில் ஐந்து தையல். ஒவ்வொரு முறையும் நான் ஏசினேன். நேரத்துக்குச் சாப்பிடாமல் கிடந்தால் சீனி இறங்காமல் என்ன செய்யும், ஊசி போட்டால் சோறு தின்னவேண்டும் என்று ஒரு சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே என்று, பக்கத்து வீட்டு ஆட்கள் இருக்கிறார்களா என்றும் பாராமல் ஏசினேன். உம்மா ஒரு வார்த்தை திருப்பிக் கதைக்கவில்லை. தின்றேன் என்றுகூடச் சொல்லவில்லை.

இனிப் பூனைக்கு வருகிறேன். அது ஒரு மாரிக்குள் நனைந்து வந்து உம்மாவின் தொழுகைப் பாயில் ஏறிப் படுத்தது, பிறகு இறங்கவே இல்லை. வெள்ளையில் இஞ்சி நிறத் திட்டுகள், எலும்பும் தோலுமாக ஒரு பெண் பூனை. பெயர் ஒன்றும் வைக்கவில்லை. உம்மா அதைப் புள்ள என்பார். என்னையும் புள்ள என்றுதான் கூப்பிடுவார், ஆகவே குசினியிலிருந்து அவர் கூப்பிட்டால் நாங்கள் இரண்டு பேருமே போவோம். மீன் ஆட்டோ சத்தம் கேட்டதும் கேற்றடியில் போய் நிற்கும். சூடை மீனைத் தலையோடு தின்னும். உம்மாவுக்கு அது தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாலே வயிறு நிறைந்துவிடும்.

அந்தப் பூனை திடீரென்று தின்பதை நிறுத்தியது. மீனின் பக்கத்தில் போகும், மணக்கும், ஒரு வாய் வைத்துவிட்டுத் தலையை உதறிக்கொண்டு பின்னால் வந்துவிடும். வாயோரம் எச்சில் வடிந்தது. மூன்று நாளாகியும் மாறவில்லை. உம்மாவும் அதோடு சேர்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரு பூனைக்காக இவரும் பட்டினி கிடந்து இன்னொரு முறை விழப்போகிறார் என்று பயந்து, புதன்கிழமை பாடசாலை விட்டதும் பூனையை மீன் கூடையில் போட்டு, மேலே துவாயைக் கட்டி, மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். உம்மாவும் ஏறிக்கொண்டார்.

ஆட்டோவில் அது கத்திய கத்தலை மறக்க முடியாது. வைத்தியரிடத்தில் ஒரு கன்றுக்குட்டி அதற்கு மேலால் கத்திக்கொண்டிருந்தது. வைத்தியர் தம்பிலுவில் பக்கத்துத் தமிழர், பொறுமையான மனிதர். வாயைத் திறந்து பார்க்க முயன்று இரண்டு விரலில் கடி வாங்கினார். சரி, முதலில் இரத்தத்தைப் பார்ப்போம் என்று, நானும் உம்மாவும் உதவிக்கு நின்ற ஒருவரும் அமத்திப் பிடிக்க, காலில் இருந்து இரத்தம் எடுத்தார். பூனை நடுங்கிய நடுக்கத்தில் மேசையும் ஆடியது. மிருகங்களுக்கென்று லேப் எங்களூரில் இல்லை, மனிதருக்குச் சோதிக்கும் ஒன்றில்தான் கொடுக்கவேண்டும். ரிப்போட் வந்ததும் கொண்டுவாருங்கள், பார்த்துச் சொல்கிறேன், அதுவரைக்கும் ஒரு மருந்தும் கொடுக்கவேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பினார். அதை நான் கேட்டேன். உம்மா பூனையைக் கூடைக்குள் வைப்பதிலேயே கண்ணாக இருந்தார்.

அடுத்த நாள் பின்னேரம் லேபில் ரிப்போட்டை எடுத்தேன். பெயர் எழுதும் இடத்தில் "செல்வி. பூனை" என்று அடித்திருந்தார்கள். அதைப் பார்த்து நான் தனியாக நின்று சிரித்தேன். அதுதான் அந்தக் கிழமையில் நான் சிரித்த கடைசிச் சிரிப்பு.

வைத்தியரிடம் போயிருக்கவேண்டும். அவர் ஐந்து மணிவரைக்கும் இருப்பார், ஆட்டோவில் பத்து நிமிடம். ஆனால் என் கை சும்மா இருக்குமா? வீட்டுக்கு வந்து, மேசையில் விரித்து, சிவப்புப் பேனையை எடுத்தேன். சீனி இருநூற்று அறுபத்தெட்டு, இருக்கவேண்டியது நூற்றிப் பத்துக்குள். வட்டம். சிவப்பு அணுவின் பருமன் இருக்கவேண்டியதில் பாதி. வட்டம். கிரியேட்டினின் கூடுதல். வட்டம். வெள்ளை அணு இரண்டு மடங்கு. வட்டம். பிளேட்லெட் அறுபதாயிரம். வட்டம். டெங்குக் காலத்தில் அந்த எண்ணைக் கேட்டு ஆஸ்பத்திரி வாட்டில் ஆட்கள் அழுவதைப் பார்த்திருக்கிறேன். கடதாசி முழுக்கச் சிவப்பாகிவிட்டது. என் வாழ்நாளில் ஒரு ரிப்போட்டில் இத்தனை வட்டம் போட்டதில்லை.

உம்மா பக்கத்தில் பூனையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஒன்றையும் மறைக்காமல், வகுப்பில் சொல்வதுபோல, விரலை வைத்து வைத்துச் சொன்னேன். இரத்தம் இல்லை, சிறுநீரகம் பழுது, எல்லாவற்றுக்கும் மேலால் சீனி. உம்மா அந்த ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டார்.

"எனக்கிரிக்கிற சீனியா மகள்?"

"ஓம் உம்மா, அதேதான். இருநூற்று அறுபத்தெட்டு. உங்களுக்கே அவ்வளவு வாறல்ல" என்றேன்.

உம்மா ரிப்போட்டைக் கையில் வாங்கி, சீனியைச் சுற்றியிருந்த வட்டத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நாளைக்கு ஜும்ஆவுக்கு முன்னால் வைத்தியரிடம் காட்டுவோம் என்று சொல்லிவிட்டு, பரீட்சைத் தாள் கட்டை அவிழ்த்தேன்.

எங்கள் பாடசாலைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆனால் அன்று ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மேலதிக வகுப்பு வைத்திருந்தேன். பத்து மணிபோலப் பக்கத்து வீட்டு மச்சி போன் எடுத்தார். பூனை விழுந்து துடிக்கிறது, உம்மா கத்துகிறார், சுருக்கா வாங்க என்றார். பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

பூனை விறாந்தையில் பக்கவாட்டாகக் கிடந்தது. நான்கு கால்களும் இழுத்துக்கொண்டிருந்தன. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. உம்மா அதன் தலைமாட்டில் குந்திக்கொண்டு, ஒரு கோப்பையில் சீனியைக் கரைத்து, விரலில் தொட்டு அதன் வாயில் பூசப் போனார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். கோப்பை உருண்டு சீனித் தண்ணீர் தரையில் ஓடியது. சீனி ஏறிப்போய்த்தான் இழுக்கிறது, அதற்கு மேலும் சீனியைக் கொடுத்துக் கொல்லப் பார்க்கிறீர்களா என்று கத்தினேன். இரத்தத்தில் சீனி குத்திப் பார்க்கும் மெசின் அலுமாரியில்தான் கிடந்தது. அந்த நேரம் அது என் நினைவுக்கே வரவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

உம்மா தட்டுப்பட்ட கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எனக்கு வாற மாதிரித்தான் மகள் புள்ளைக்கும் வந்திரிக்கி. சீனி இறங்கிட்டு. நான் காலையில ஊசி போட்டுட்டன்."

கொஞ்ச நேரம் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. எத்தனை போட்டீர்கள் என்று கேட்டேன். உம்மா இரண்டு விரலைக் காட்டினார். ஐந்து நாளாகத் தின்னாத, மூன்று கிலோகூட இல்லாத பூனைக்கு.

உம்மாதான் எழும்பிப் போய் இனிப்புப் பாணிப் போத்தலை எடுத்து வந்தார். இந்த முறை நான் பூனையின் தலையைப் பிடிக்க, அவர் பாணியை விரலில் எடுத்து அதன் பல்லடி முரசில் தேய்த்தார். தொண்டைக்குள் போய்விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தார். அவர் விழுகிறபோது நான் அவருக்குச் செய்கிற அதே வேலை. மச்சி ஆட்டோவைப் பிடித்துவந்தார். வைத்தியரிடம் போய்ச் சேரும்வரை உம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை. வாயில் யாஸீன் ஓடிக்கொண்டிருந்தது. நான் பூனையின் விலாவில் கையை வைத்து, மூச்சு இருக்கிறதா, இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். யா அல்லாஹ், இதை மட்டும் எடுத்துவிடாதே என்று கேட்டேன். உம்மாவுக்காகத்தான் கேட்டேன் என்று அப்போது நினைத்தேன்.

வைத்தியர் காதில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தார். மெசின் எண் காட்டவில்லை, அது அளக்கிற அளவுக்கும் கீழே. ஒரு வார்த்தையும் கேட்காமல் காலில் ஊசி ஏற்றி, குளுக்கோஸ் செலுத்தினார். கால் மணித்தியாலத்தில் இழுப்பு நின்றது. அரை மணித்தியாலத்தில் பூனை தலையைத் தூக்கப் பார்த்தது. தூக்கிய தலை நேராக நிற்கவில்லை, ஆடியது. வைத்தியர் விரலை அதன் கண்ணுக்கு முன்னால் அசைத்தார். அது இமைக்கவில்லை. பார்வை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், பொறுத்துத்தான் பார்க்கவேண்டும் என்றார்.

அது சோர்ந்து கிடந்த அந்த நேரத்தில்தான் அவரால் வாயைத் திறந்து பார்க்க முடிந்தது. பின்னால் ஒரு கடைவாய்ப்பல் அழுகி, முரசு வீங்கிச் சீழ் வைத்திருந்தது. இதுதான் தின்னாததற்குக் காரணம் என்றார். ஒரு பல். அவ்வளவும் ஒரு பல்லுக்காக.

நான் ரிப்போட்டை நீட்டினேன். வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

"டீச்சர், வலது பக்கம் அடிச்சிரிக்கிறது ஆக்கள்ற அளவு. லேப் மெசினுக்குப் பூனை தெரியாது" என்றார்.

பிறகு ஆறுதலாக விளக்கினார். பூனையின் சிவப்பு அணு பிறவியிலேயே சிறிது, அதில் நோயில்லை. அந்தக் கிரியேட்டினின் மனிதருக்குத்தான் அதிகம், பூனைக்கு அது சாதாரணம். பிளேட்லெட் குறையவில்லை. பூனையின் இரத்தத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மெசின் ஒரு கட்டியை ஒன்றென்று எண்ணிவிடும், கண்ணாடித் துண்டில் பூசி நுணுக்குக்காட்டியில் கண்ணால்தான் பார்க்கவேண்டும். வெள்ளை அணு மட்டும் உண்மையாகவே கொஞ்சம் கூடுதல், அது அந்தப் பல்லில் இருந்த சீழினால். சீனி கூடியது பயத்தினால். பூனை பயந்தால் அதன் இரத்தத்தில் சீனி அப்படி ஏறும், பயம் தெளிந்தால் இறங்கிவிடும். ஆட்டோவும் கன்றுக்குட்டியும் ஆறு கைகளும் சேர்ந்து ஏற்றிய சீனி அது. ஒரு எண்ணைப் பார்த்து அதற்குச் சீனி வருத்தம் என்று சொல்ல முடியாது, மூத்திரத்திலும் பார்க்கவேண்டும், இன்னொரு நாள் திரும்பவும் பார்க்கவேண்டும். நான் போட்ட ஐந்து வட்டத்தில் நான்கு பொய். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பிறகு அவர் உம்மாவின் பக்கம் திரும்பினார்.

"உம்மா, ரெண்டு எண்டு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லல்ல தம்பி. மகள் சீனியில வட்டம் போட்டா ரெண்டு கூட்டுறதுதானே."

வைத்தியர் குளுக்கோஸ் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்த கையை எடுத்தார். கூட்டுவது யாருக்கு என்று மெதுவாகக் கேட்டார். எனக்குத்தான் என்றார் உம்மா, இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பதுபோல.

புருவத்துத் தையல் என் கண்முன்னே இருந்தது. நேரத்துக்குத் தின்னவில்லை என்று நான் ஏசிய ஒவ்வொரு நாளும், மச்சி கேட்கக் கேட்க நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் திரும்பி வந்தது. அப்போதெல்லாம் ஏன் சொல்லவில்லை, கூட்டிப் போட்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அழுகையோடுதான் கேட்டேன். உம்மா என்னை வினோதமாகப் பார்த்தார்.

"உனக்குச் சொல்ல என்ன இரிக்கி மகள்? கூட்டச் சொல்லித்தானே நீ வட்டம் போடுறாய்."

வைத்தியர் உம்மாவின் ஊசி அளவில் தன் சொல்லைக் கேட்கவேண்டாம் என்றார், தான் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்தியன் என்றார். ஆனால் இன்று முதல் கார்ட்டில் எழுதியிருப்பதற்கு மேல் ஒரு துளியும் போடவேண்டாம், உம்மாவை உடனே அவருடைய டொக்டரிடம் காட்டுங்கள் என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

பூனையை அங்கேயே விட்டுவிட்டு அசர் தொழுகை நேரத்துக்குத்தான் வீடு வந்தோம். கடைசியில் அது பிழைத்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒன்பது நாள் சுவரில் முட்டிக்கொண்டு நடந்தது, பிறகு பார்வை வந்தது. பல்லைப் பிடுங்கியபின் சூடை மீனும் தின்றது. வலது பக்கம் மட்டும் இன்னும் கதவு நிலையில் இடித்துக்கொள்ளும்.

ஆனால் அன்று மஃரிபுக்கு அதெல்லாம் எனக்குத் தெரியாது. உம்மா தொழுதுவிட்டு வந்து, ஒவ்வொரு நாளும் செய்வதுபோல, பிரிட்ஜைத் திறந்து இன்சுலின் போத்தலை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். நான் கடதாசிகள் போட்டுவைக்கும் பிஸ்கட் பேணியிலிருந்து கிளினிக் கார்ட்டை எடுத்தேன். பதினாறு என்று டொக்டரின் கையெழுத்தில் இருந்தது. எத்தனை போடுகிறீர்கள் உம்மா என்று கேட்டேன். இருபத்திரெண்டு என்றார்.

பேணிக்குள் பழைய ரிப்போட்டுகள் எல்லாம் இருந்தன. டொக்டர் பதினாறு எழுதிய நாளுக்குப் பிறகு வந்தவற்றைப் பிரித்துப் பார்த்தேன். சீனியில் மூன்று வட்டம். உம்மாவிடம் ஒன்றும் கேட்காமல், அவர் பார்த்துக்கொண்டிருக்க, அழகாக, பெரிதாகப் போட்டவை.

உம்மா சட்டையை உயர்த்திக்கொண்டு கட்டிலில் இருந்து, ஊசியையும் போத்தலையும் என் பக்கம் நீட்டினார்.

"நீயே இழுத்துக் குத்து மகள். உன்ட கணக்கு பிழைக்காது."

வாங்கினேன். ஊசியில் இருந்த கோடுகள் என் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணி, பதினாறில் நிறுத்தினேன். குத்துவதற்கு முன்பு திரும்பவும் முதலிலிருந்து எண்ணினேன்.